பழசா, புதுசா?

லண்டனில இருந்து கட்டுநாயக்காவுக்கு ஐயாயிரத்து நானூறு மைல், பிளேனுக்குப் பதினொரு மணித்தியாலம். இதைப் பாடமாக்கி வைச்சிருந்தவர், ஒரு பிளேனையும் கிட்டப்போய்க் காணாத என்ர அண்ணன் நல்லரத்தினம். வாவிக்கு அக்கரை, படுவான்கரையில வட்டையில நெல்லு விதைச்ச மனிசன். மகன் திவாகரன் லண்டன் போனதில இருந்து வாத்திமாரை மறிச்சு மறிச்சு மைல்கணக்குக் கேக்கிறதுதான் வேலை. அவன் அனுப்பின மணிக்கூட்டைக் குளிக்கவும் கழட்டமாட்டார்.

ஒரே வாவிதான். நாவற்குடாவில என்ர பக்கம் ஆமி, அவர்ர பக்கம் இயக்கம். அறுந்த மணிக்கூடும் ரெண்டு! அரசாங்கம் அரை மணித்தியாலம் கூட்டின புது நேரம் எங்களுக்கு, கூட்டாத பழைய நேரம் அவங்களுக்கு. நேரம் சொன்னா, "பழசா, புதுசா?" எண்டு கேக்காத ஆள் இல்ல.

சுனாமியில மதினி கண்ணகை போயிட்டா. கடற்கரைக்குத் தன்ர தங்கச்சியப் பாக்கப் போனவ, உடம்பும் கிடைக்கல்ல. திவாகரன் விழுந்தடிச்சு என்ர வீட்டுக்கு வந்தான். நாலு நாள் லீவு. அக்கரைக்குப் போனா இயக்கம் திரும்ப விடாதோ எண்டு அவனுக்குப் பயம். அண்ணனோ காய்ச்சலில கிடந்தார். கடைசி நாள்தான் எழும்பினார். ஆள்விட்டுச் சொன்னன்: "ரெண்டு மணிக்கு வான் வெளிக்கிடும். அதுக்கு முன்ன வரச்சொல்லு." மண்டை கழண்ட எனக்கு, புது நேரம் எண்டு சொல்ல வாய் வரல்ல.

வான்காரன் முகைதீன்பாவா பத்து நிமிஷம் பாத்தான். "பொழுதுபட்டா சென்றியில மறிச்சுப்போடுவாங்க, பிளேன் நிக்காது" எண்டு வானை எடுத்திட்டான். அஞ்சு நிமிஷம் போகல்ல, அண்ணன் சைக்கிள்ள வந்து இறங்கினார். வேர்த்து வழிய மணிக்கூட்டைக் காட்டிச் சிரிச்சார்.

"ஒண்டேமுக்கால். கால் மணித்தியாலம் முன்னுக்கு வந்திட்டன், தங்கச்சி. எங்க மகன்?"

என்ர வாயில நெருப்பை வைக்கோணும். போனில திவாகரனுக்கு, அப்பாவுக்குக் காய்ச்சல் கூடி வரேலாமப் போச்சு எண்டு பொய் சொன்னன். அண்ணனிட்ட, பொடியன் கவலைப்படுவான், நீங்களும் சொல்லாதீங்க எண்டன். பாவி மனிசன் சொல்லவே இல்ல.

ஒண்டரை வருஷம் போகமுன்ன அரசாங்கமே பழைய நேரத்துக்கு இறங்கி வந்திச்சு. வெக்கங்கெட்ட நேரம்! அதுக்கடுத்த வருஷம் ஷெல்லுக்குள்ள ஓடிவந்து, அகதிக் கூடாரத்தில அண்ணன் கண்ணை மூடினார்.

சண்டை முடிஞ்ச பிறகுதான் திவாகரன் வந்தான். மணிக்கூட்டைக் கையில குடுத்தன்.

"இப்பவும் சரியா ஓடுது, மாமி. அண்டைக்குக் காய்ச்சலோட கிடந்த மனிசனை நான் போய்ப் பாத்திருக்கோணும். பயந்து செத்திட்டன்."

அதுக்கு மேல என்னால ஏலாமப் போச்சு.

"அப்பா வந்தவர், மனே. ஒண்டேமுக்காலுக்கு இந்தப் படலையடியில நிண்டவர்."

மணிக்கூட்டைத் திருப்பிப் பிடிச்சான்.

"பழசா, புதுசா?"

"பழசு."

விரல்விட்டுக் கூட்டிப் பாத்தான்.

"நாங்க அப்ப இந்தக் கிட்டக் கிடக்கிற கல்லடிப் பாலம்கூடத் தாண்டல்ல, மாமி" எண்டான்.