அரிசி உடையாத ஆட்டம்

வாலாஜாபாத்தில் ஒரு நிக்காஹ் சமையல். தம் உடைத்து, மூடியைத் திறந்து பிரியாணியைப் புரட்டும்போது கரண்டி கையிலிருந்து நழுவியது. காம்பில் எண்ணெய் இருக்கிறதென்று நினைத்து, அதைக் கழுவிய ஆளைத் திட்ட ஆரம்பித்தேன். வாய் குழறியது. அப்போதுதான் பயம் வந்தது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டாக்டர். பேச்சும் காலும் சில வாரங்களில் திரும்பின. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. அது இல்லாத பிரியாணி மாஸ்டரை யார் கூப்பிடுவார்கள்? காஞ்சிபுரத்தில் கல்யாண மாதம் வந்தால் ஓரிடத்தில் உட்காராதவன் நான். கட்டிலில் இருப்பே கொள்ளவில்லை. இதே நோயோடு இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படித்தான் என்றால் தாராளமாக எரிச்சல்படுங்கள், தப்பில்லை. பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

இயன்முறை சிகிச்சை (பயிற்சியால் தசைகளை மறுபடி பழக்குவது) தர வீட்டுக்கு வந்தவர் கலைச்செல்வி. என் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த வீடியோ கேம் அவர் கண்ணில் பட்டது. அதன் கன்ட்ரோலரைப் பிடித்துக் கையை வீசினால் டிவியில் இருப்பவனும் வீசுவான்.

"மருந்து மாதிரி தினமும் ஆடுங்க பாய்" என்றார்.

என் விரல்கள் எதையும் பிடிக்காது. என் மனைவி ஷமீம் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கன்ட்ரோலரை உள்ளங்கையோடு கட்டினாள். அதில் மாட்டுவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் டென்னிஸ் மட்டையும் இருந்தது.

கொஞ்ச நாளில் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தேன். கலைச்செல்வி பார்த்துவிட்டு என் தோளை அழுத்திப் பிடித்தார். "இப்ப அடிங்க." பந்து என்னைத் தாண்டிப் போனது. அத்தனை நாளும் தோளைத்தான் வீசியிருக்கிறேன். மணிக்கட்டு அசையவே இல்லை. கன்ட்ரோலரைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. அதுதான் கையோடு கட்டியிருந்ததே.

ஷமீம் மட்டையைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரைக் குழம்புக் கரண்டியின் காம்பில் கட்டி, கரண்டியை என் கையோடு கட்டினாள். கேமில் சமையல் ஆட்டம் ஒன்று உண்டு. திரையில் ஒரு சட்டி, அதில் சோறு. வேகமாகக் கிண்ட வேண்டும்.

"கிண்டுங்க, டைம் ஓடிக்கினு இருக்குது!" என்றாள் ஷமீம்.

"கிண்டினா அரிசி உடஞ்சிடும்மா!" என்று சீறினேன். கரண்டியை ஓரமாக இறக்கி, அடியிலிருந்து மெல்லப் புரட்டினேன். நேரம் முடிந்தது. தோற்றுப்போனேன்.

"இன்னொரு வாட்டி பண்ணுங்க பாய்" என்றார் கலைச்செல்வி. அவர் டிவியைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பியிருந்தது. ஷமீம் அழுதாள். நானும்தான்.

பிறகு மாதக்கணக்கில் அந்த ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

இப்போது சமையலுக்குப் போகிறேன். அண்டாவை ஆட்கள்தான் இறக்குகிறார்கள். தம் உடைத்ததும் முதல் புரட்டு மட்டும் என்னுடையது. முன்பெல்லாம் நினைப்பதற்குள் கை போய்விடும். இப்போது அதற்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

போன வாரம் ஐயம்பேட்டையில் பந்தி உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர், எல்லாரும் பசியோட இருக்காங்க, சீக்கிரம்பா!"

"இருப்பா" என்றேன், கரண்டியைப் பிடித்தபடி. "கை வந்துக்கினு இருக்குது."