வாய் திறக்காமல் நின்றேன்

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். போன வருடம் தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை பார்த்தேன். ஒரு நாள் காலை, சினிமா படிக்கும் மாணவர்கள் நாலு பேர் துரத்தல் காட்சி எடுக்க வந்தார்கள். அவர்களுக்கு அது முதல் நாள் படப்பிடிப்பு. எதுவரை படித்தேன் என்று கேட்டுவிட்டு, திருடனாக ஓட என்னைக் கூப்பிட்டார்கள்.

வரப்பில் வெறுங்காலோடு ஏழு தடவை ஓடினேன். உள்ளங்கால் வெடித்து எரிந்தது. இயக்குநர் பையன் எல்லார் முன்னாலும் சிரித்தான். "ஏலே, படிப்புதான் ஏறல. ஓடவுமா வராது ஒனக்கு?"

பிறகு, தானே பைக்கில் துரத்துவதற்கு வெள்ளையாகக் காய்ந்த பள்ளம் ஒன்றைக் காட்டினான். உப்பு வாரியபின் கழிவுநீரைத் திறந்துவிடும் இடம் அது. மேலே உப்பு ஓடு, அடியில் தொடையளவு சேறு. அளத்து ஆட்கள் யாரும் அதில் கால் வைக்கமாட்டோம்.

"இங்கன தரை கெட்டிதான?" என்றான்.

"ஓட்டிப் பாருங்க தம்பி" என்றேன். அவன் விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

கடைசி நேரத்தில் கேமராவோடு அவர்களில் ஒரு பெண் அவன் பின்னால் ஏறினாள். சொல்ல வாயெடுத்தேன். அவன் என்னைப் பார்த்து மறுபடி இளித்தான். பேசாமல் நின்றுவிட்டேன்.

பத்தடியில் பைக் புதைந்து சாய்ந்தது. அவன் தூரத்தில் போய் விழுந்தான். அவள் கால் சூடான சைலன்சருக்கு அடியில், முகம் சேற்றில். பாய்ந்து தூக்கினேன். உயிர் தப்பியது, காலில் தீக்காயம்.

"ஒங்களுக்கே தெரியாம போச்சே அண்ணாச்சி. தெரிஞ்சா சொல்லிருப்பீங்கல்லா?" என்றாள்.

அவன்மேல் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எங்கே வேலைக்குப் போனாலும் ஆபத்தான இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறேன்.