நீர்வேலிக் கிணற்றடியில் ஓர் இரும்புக் கணினி

என் பழைய பயணங்களைப் பற்றி எழுதச் சொல்லி, வெளியூர்களில் கருவி பொருத்தப் போகும் பிள்ளைகள் சிலர் கேட்டிருந்தார்கள். பெருமையாகச் சொல்லக்கூடிய பயணங்கள் நிறைய இருக்கின்றன. இது அந்த வகையில்லை.

1984 பங்குனி. கொழும்பில் நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வேலை வந்தது. தமிழ் தெரிந்தவனாக அங்கே மிஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான். முந்தைய ஆடிக் கலவரத்துக்குப் பிறகு மற்ற இருவரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். என் அறை எரிந்துபோய், தெரிந்தவர் ஒருவரின் வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தேன். மாத்தளையில் பிறந்த எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு குருவியைக்கூடத் தெரியாது. போகச் சொன்னதும் சரி என்றேன், இருப்பதற்கும் ஒரு இடம் வேண்டுமே.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை 5.45க்கு ரயில். ஒன்றரைக்குப் போய்ச் சேரவேண்டியது, நாலேகாலுக்குத்தான் சேர்ந்தது. என்னோடு வந்தது பதினெட்டு கிலோ எடையுள்ள ஒரு கணினி. இன்றைய பிள்ளைகள் படத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். திரை கிடையாது. தூசியும் தண்ணீரும் புகாதபடி ரப்பர் வைத்து மூடிய சாம்பல் நிற இரும்புப் பெட்டி, முகப்பில் பதினாறு விசைகள், எட்டு இலக்கங்கள் காட்டும் சிவப்பு வெளிச்சம், கார் பற்றரியில் ஓடும். நிலையத்துக்கு வெளியே ஒரு பழைய ஒஸ்டின் காரைப் பிடித்தேன். நீர்வேலிக்கு ஆறு மைல், ஐம்பது ரூபா. பெட்டி இல்லாவிட்டால் பருத்தித்துறை பஸ்ஸிலேயே போயிருக்கலாம்.

“உதுக்குள்ளை என்ன தம்பி கிடக்கு, கல்லே?” என்றார் சாரதி, தூக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி.

“கம்பியூட்டருங்க.”

“கம்பியூட்டரோ? நான் நினைச்சன் வடிவாய் இருக்குமெண்டு.”

வேலை இதுதான். அந்தப் பக்கத்தில் அளவுக்கு மேல் இறைத்தால் கிணற்று நீர் உவர்ந்துவிடும். நிலத்தடி நீரை ஆராயும் குழு ஒன்று, நாலு பேருக்குப் பங்கான ஒரு தோட்டக் கிணற்றைத் தெரிவு செய்திருந்தது. பங்காளிக்கு ஒரு நாள் முறை, நாலு நாளுக்கு ஒருதரம் சுற்றி வரும். முறைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் மோட்டரைப் போடுவதில்லை என்று நாலு பேரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். மோட்டர் ஓடிய நேரத்தையும் நீர்மட்டத்தையும் பெட்டி பதியவேண்டும்.

பங்காளிகளில் ஒருவரான அருளம்பலம் வீட்டில்தான் தங்கினேன், எனக்கு அவர் அருளண்ணை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் முந்தைய வருடமே திருச்சிக்குப் போயிருந்தார்கள். “வாரும் தம்பி. உந்தப் பெட்டி சாப்பிடாதுதானே? அப்ப நான் அவிச்ச புட்டுக் காணும்,” என்றார். எட்டு மாதத்தில் என்னை ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டு முடிவதற்குள் வெங்காயக் கதை வந்துவிட்டது. நட்டு மூன்று வாரமாகியிருந்தது. “கிண்டி வித்தவுடனை திருச்சிக்குப் போய் மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றார்.

சனியும் ஞாயிறும் பெட்டியோடு போயின. மோட்டர் கொட்டில் சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டினேன். மிதவையைக் கிணற்றுக்குள் இறக்கினேன். வானொலியின் மணியொலிக்குக் கடிகாரத்தைச் சரி செய்தேன். அமைப்பதற்குப் பன்னிரண்டு படிகள். ஏழாவது படி, நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்கும். 00.00 என்று தானாகவே காட்டியது. கைநூலும் அப்படியே விடச் சொன்னது. ஒரு விசையை அழுத்தி எட்டாவது படிக்குப் போனேன். அதற்கு அரை விநாடிகூட ஆகியிருக்காது.

பெட்டியின் சின்ன அச்சு இயந்திரம் நாளொன்றுக்கு ஒரு வரிதான் அடிக்கும். திங்களிலிருந்து எட்டு நாள் பதிவானதும், செவ்வாய்க்கிழமை காலை காகிதத்தைக் கிழித்தெடுத்து நாலு பேர் முன்னாலும் வாசித்தேன். இருவருக்குச் சரியாக மூன்று மணி நேரம். வைத்திலிங்கம் என்ற பங்காளிக்கு ஒன்றரை. அடுத்த முறைக்காரரான அருளண்ணைக்கு நாலரை. இரண்டு சுற்றிலும் அப்படியே.

“நான் மூண்டுக்கு மேலை ஒரு நிமிசமும் இறைக்கேல்லை,” என்றார் அருளண்ணை. அவர் என்னைத்தான் பார்த்தார்.

“மெஷின் பொய் சொல்லாதுண்ணே,” என்றேன். அந்தக் குரலில் இருந்த கர்வம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. சொன்னவன் வாயில் ஒன்று போட்டிருக்கவேண்டும்.

“பேந்தென்ன, கணக்குக் கிடக்குத்தானே. வியாழன் உவரின்ரை முறைக்குத் தண்ணி இல்லை,” என்றார் வைத்திலிங்கம், அருளண்ணையைக் காட்டி.

வியாழக்கிழமை மோட்டர் ஓடவில்லை. அருளண்ணை வீட்டுக் குடிதண்ணீரில் வாளி வாளியாகக் கொண்டுபோய்த் தெளித்தார். பங்குனி வெயிலில் செம்மண்ணுக்கு அது எந்த மூலைக்கு? என் தட்டில் புட்டு வழக்கம் போல விழுந்தது, கதை மட்டும் நின்றுபோயிற்று. கொழும்பு விறாந்தையில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அங்கே என்னை யாரும் கவனிக்கவில்லை, இங்கே கவனித்த ஒருவரை நானே விரட்டிவிட்டேன்.

சனிக்கிழமைக்குள் வெங்காயத் தாள்கள் நுனி கருகிச் சாய்ந்திருந்தன. வரம்பில் நின்று பார்க்கப் பொறுக்காமல் கொட்டிலுக்குப் போய், பெட்டியின் நினைவில் கிடந்த பத்து நிமிடப் பதிவு முழுவதையும் அடிக்க விட்டேன். ஆறு முழத்துக்கு மேல் காகிதம் வந்தது. அருளண்ணையின் புதன்கிழமையில் மோட்டர் இரண்டு தடவை ஓடியிருந்தது. ஒன்று காலை ஏழிலிருந்து பத்து வரை. மற்றது அதிகாலை நாலிலிருந்து ஐந்தரை வரை. அவர் ஆறு மணிக்கு முன்னே எழும்பி நான் பார்த்ததில்லை.

வைத்திலிங்கம் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். உங்கள் முறை எப்போது முடியும் என்று கேட்டேன்.

“செவ்வாய் முறையெண்டால் புதன் பொழுது விடியுமட்டும் செவ்வாய்தான். உது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் தம்பி. நான் பின்னேரம் பாதி, விடியப்பறம் பாதி இறைக்கிறனான்.”

“அப்ப உங்களுக்கு ஒன்றரைன்னு வாசிச்சப்ப ஏன் சொல்லல?”

மண்வெட்டியை ஊன்றினார். “குறைச்சுக் காட்டினதை ஆர் போய்க் கேப்பினம்?”

ஆக, யாரும் திருடவில்லை. நள்ளிரவில் நாளை வெட்டியவன் நான். மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டுக் காகிதத்தை விரித்துக் காட்டி, பிழை என்னுடையது என்றேன். வைத்திலிங்கம் ஞாயிற்றுக்கிழமை தன் முறையை அருளண்ணைக்கு விட்டுக்கொடுத்தார். ஏழாவது படியில் 06.00 என்று மாற்றினேன். தண்ணீர் பாய்ந்தது. பாதி வெங்காயம் நிமிர்ந்தது, பாதி நிமிரவேயில்லை.

திங்கள் மதியம் சாப்பிடும்போது மன்னிப்புக் கேட்டேன். அருளண்ணை தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிவிட்டுச் சொன்னார்: “பெட்டி பிழை விடும், அதுக்கென்ன. நீர் என்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டனீர். அண்ணை, உண்மையோ எண்டு ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாம்.” பிறகு, “சாப்பிடும், ஆறப்போகுது,” என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து ரயிலேறினேன். வழியனுப்ப அவர் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கருவியோடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பற்றரியை அந்த ஊரிலேயே வாங்குங்கள், சுமக்காதீர்கள். ஆணியும் ரப்பரும் இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். நாள் மொத்தத்தை மட்டும் நம்பி யாரைப் பற்றியும் வாய் திறக்காதீர்கள், பதிவு முழுவதையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் கருவி கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், விசையை அழுத்துவதற்கு முன், அந்த இடத்து மனிதரிடம் ஒருதரம் கேளுங்கள்.

கொழும்பிலிருந்து அருளண்ணைக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மிஞ்சிய வெங்காயம் எப்படி, திருச்சியிலிருந்து மனைவியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்களா என்று மூன்றிலும் கேட்டிருந்தேன். ஒரு பதில் வந்தது. பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.