வாய்மொழித் தேர்வில் என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி

ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்காவிட்டால் மானம் போய்விடும். அதனால் வேண்டியவர்களுக்கு ஆளுக்கொரு கேள்வியை முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் கல்லூரி வழக்கம்.

ஆள் போதாமல், துறைமுகத்தில் சுங்கச் சோதனை முடித்துச் சரக்கை வெளியே எடுக்கும் கிளியரிங் ஏஜென்ட்டாக இருக்கும் என் வீட்டுக்காரரிடமும் ஒரு சீட்டைக் கொடுத்தேன். 'டி.என்.ஏ.வைச் சரிசெய்ய ஹிஸ்டோன் ஏன் விலக வேண்டும்?' அவ்வளவுதான்.

"ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றேன்.

"சரி, விடுளா" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் நன்றாகவே பேசினேன். ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் டி.என்.ஏ. நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கிறது. அந்தச் சுருள்தான் குரோமாட்டின். இழை அறுந்தால் பக்கத்து ஹிஸ்டோன்களில் ஓர் அடையாளம் விழும், சுருள் தளரும், பழுதுபார்க்கும் புரதங்கள் உள்ளே நுழையும். கீழவைப்பார்க் கடற்கரைச் சிப்பிகளில் ஆறு வருஷம் நான் பார்த்தது இதைத்தான்.

வெளியூர்த் தேர்வாளர், ஹிஸ்டோன் ஏன் விலக வேண்டும் என்று தானே கேட்டுவிட்டார். பதில் சொன்னேன். இனி வீட்டுக்காரருக்கு வேலை இல்லை என்று நிம்மதியானேன். மனுஷர் எழுந்தார்.

"சார், சோதனைக்காக ஒரு கண்டெய்னரப் பிரிச்சா, திரும்ப அடுக்கும்போது ஒருநாளும் பழையபடி அடங்காது. கிழிஞ்ச அட்டைப்பெட்டிக்குப் பதிலா புதுசு போடுவோம். அங்கனயும் அப்படித்தானா? போன ஹிஸ்டோனே திரும்பி வருமா, புதுசு வருமா?"

பாவி! தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. சொல்லுங்கம்மா."

ஆறு வருஷ உழைப்பு இவர் வாயால் போகப் போகிறது.

"பழையதும் கொஞ்சம் திரும்பும், புதியதும் சேரும் சார். என் சிப்பிகளில் எது எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை."

"அடுத்து அதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டம் கிடைத்துவிட்டது. ஆனாலும் என் கோபம் அடங்கவில்லை. பைக்கில் ஏறியதுமே ஆரம்பித்தேன்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"நீ குடுத்தத அவரு கேட்டுட்டாருல்லா. எனக்கு ரெண்டு வருஷமா இருந்த சந்தேகம் இது. சாப்பிடும்போது நீ நிறுத்தாமப் பேசுத, நான் எங்க கேக்க?"

இத்தனை வருஷமும் சோற்றுத் தட்டின் முன்னால் நான் அவர் கையிலிருந்த போனோடு பேசிக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. என்னவென்று கேட்டார். முன்னால் போகும் நிலக்கரி லாரியின் தூசி என்றேன்.