மண்டையிடியைக் கேட்கப் போன கதை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, மாயவரத்தில் எங்கள் பாத்திரக்கடையைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். எங்கே பயணம் என்று கேட்ட பக்கத்துக் கடைக்காரரிடம் நெல்லையப்பர் தரிசனம் என்று சொன்னேன். பொய். நான் போனது மண்டையிடியைக் கேட்க.

மண்டையிடி என்பது ஒரு பாட்டுக் குழு. குழு என்று சொல்வதே அதிகம், ரெண்டே பேர். ஒருவர் கிடார் அடித்துக்கொண்டு கத்துவார், இன்னொருவர் டிரம் அடிப்பார். வேறு வாத்தியம் கிடையாது. கத்துகிற பையன் பெயர் சாம்சன். பாளையங்கோட்டைக்காரன், வள்ளியூர் பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுதுபார்க்கிற வேலை. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்கிறாள் பெங்களூரில் இருக்கும் என் மகள் நந்தினி. பையன் கிறிஸ்தவன் என்று என் கணவர் ஒரு மாதம் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டார். எனக்கு மிச்சமிருந்தது சத்தம் மட்டும்தான்.

நந்தினி ஒரு பாட்டை எங்கள் போனுக்கு அனுப்பியிருந்தாள். கடையில் வைத்துப் போட்டோம். "என்னடி இது, ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சா?" என்று கேட்டுவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கே போய்விட்டார் இவர். போனில் ஒரு குறையும் இல்லையாம். அன்றைக்கே மகளிடம் சொன்னேன், வேண்டாம் என்று. அவள் அழவில்லை. "நீ நேர்ல போய் ஒரு தடவை கேளும்மா. அப்பறமும் வேண்டாம்னா நான் விட்டுடறேன்" என்றாள். அழுதிருந்தால் திட்டியிருப்பேன். இப்படிச் சொன்னதும் டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நான் வருவது அந்தப் பையனுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் செய்தாள்.

திருச்சியில் ரயில் மாறி, சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குத் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினேன். வெளியே வந்ததும் ஒரு ஆட்டோக்காரர் வந்து நின்றார்.

"எங்கன போவணும்மா?"

"ஆத்துல குளிக்கணும். அப்பறம் புது பஸ் ஸ்டாண்டு."

"குறுக்குத்துறை போயிட்டு, நீங்க குளிச்சு முடிக்க வரைக்கும் நிக்கணும்லா. எரநூத்தம்பது குடுங்க."

இருநூறு என்றேன். "ஆத்துத் தண்ணிக்கா காசு கேக்கேன், இப்படிப் பேரம் பேசுதிய?" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். வழியில் என்ன விசேஷம் என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஆட்டோக்காரரிடம் சொல்லிவிடலாம். மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறேன் என்றேன்.

"பையன் என்ன செய்யுதான்?"

"காத்தாலையில வேலை. லீவு நாள்ல மைக் பிடிச்சுக் கத்துறான்."

"குடிச்சுட்டுக் கத்தலல்லா?"

"அப்படித் தெரியல."

"பொறவென்னம்மா? எங்க தெருவுல வந்து பாருங்க, மைக் இல்லாமலே கத்துதானுவ."

தாமிரபரணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆற்றில் தண்ணீர் இருந்தது. ஊரில் காவிரித் துலாக்கட்டத்தில் வருஷத்தில் பாதி நாள் மணலைக் கும்பிட்டுவிட்டு வருகிறவள் நான். இங்கே இடுப்பளவு தண்ணீர், காலடியில் கூழாங்கல் தெரிகிறது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மூன்று முழுக்குப் போட்டு, கொண்டுபோன நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லப் போகிறவள் பளிச்சென்று இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு.

புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கிளப்பில் இட்லி, வடை, காபி, எழுபத்தைந்து ரூபாய். அங்கிருந்து வள்ளியூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். நாங்குநேரி தாண்டியதும் வயல் குறைந்து பனைமரம் கூடுகிறது. அப்புறம் பனைமரத்துக்கு மேலே காற்றாலைகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கோபுரத்தைவிட உயரம். இதன் உச்சியில் ஏறி நிற்கிறவனையா என் மகள் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை முளைத்தது.

கச்சேரி நடக்கும் இடத்துக்கு விலாசம் கிடையாது. நந்தினி அனுப்பிய அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "சனி, சாயங்காலம் 4. ராதாபுரம் ரோடு, கோழிப்பண்ணை ஸ்டாப். செருப்பு போட்டு வரவும்." வள்ளியூரில் சாப்பாட்டை முடித்து ஒன்றே முக்காலுக்கு ராதாபுரம் டவுன் பஸ்ஸுக்காக நின்றேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அன்றைக்குப் பஸ்ஸும் கிடையாது போல. வெயில் பட்டுப்புடவைக்குள் புகுந்து வேலையைக் காட்டியது.

பக்கத்தில் கறுப்பு பனியன் போட்ட இரண்டு பையன்கள் நின்றார்கள். ஒருவன் உயரம், மூக்கில் வளையம். பனியனில் மரத்தின் வேர் மாதிரி என்னவோ எழுத்து.

"என்ன தம்பி எழுதியிருக்கு அதுல?"

"அது ஒரு பேண்டு பேரும்மா."

"வாசிங்களேன்."

குனிந்து தன் நெஞ்சைத் தானே பார்த்தான். "வாசிக்க வராதும்மா. கேக்கத்தான் வரும்."

அவன் பெயர் மிக்கேல். உவரியில் வீடு, அப்பாவுக்குப் படகு. இருவரும் மண்டையிடியைக் கேட்கத்தான் போகிறார்கள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி விசாரித்தேன்.

"பாட்டு எப்படி இருக்கும்?"

"இருக்கவே இருக்காதும்மா, வந்ததும் போயிரும். ஒரு நிமிசம், கூடிப்போனா ஒன்னரை. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு நிப்பாட்டிருவாவ. 'பஸ் வரல'ன்னு ஒரு பாட்டு. அண்ணன் 'பஸ் வரல, பஸ் வரல'ன்னு கத்துவாவ, நாங்க 'வராது'ன்னு கத்துவோம். அவ்வளவுதான் மொத்தப் பாட்டும்."

"இதுக்கா உவரியிலேர்ந்து வர்றீங்க?"

"நீங்க இங்கன எவ்வளவு நேரமா நிக்கிய?"

"ஒரு மணி நேரமா."

"பொறவென்ன?" என்றான்.

மூன்று மணிக்கு மேல் பஸ் வந்தது.

கோழிப்பண்ணை என்றால் நிஜமாகவே கோழிப்பண்ணை. நீளமான கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுற்றிலும் வலை. பழைய கோழிகள் போய்விட்டன, புதிய குஞ்சுகள் அடுத்த வாரம் வருகின்றன. இடையில் காலியாகக் கிடக்கும் நாட்களில்தான் இவர்களுக்குக் கச்சேரி. வாசனையைப் பற்றி எழுத மாட்டேன். செருப்பு எதற்கென்று மட்டும் புரிந்தது.

முப்பது பேர் இருப்பார்கள், எல்லோரும் கறுப்பு பனியன், எல்லோரும் நின்றுகொண்டு. கொட்டகையின் நட்டநடுவே ஒரே ஒரு சிவப்பு நாற்காலி, அதன் மேல் துவைத்த பூத்துண்டு. ஒரு பெண் ஓடி வந்து, "இதுல இருங்கம்மா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இன்னொருத்தி எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தாள். வயசுக்கு என்ன மரியாதை என்று நான் பூரித்துப்போனேன், மடச்சி.

ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து வணக்கம் சொன்னார். ராசாமணி அண்ணாச்சி. கோயில் கொடை விழா, சர்ச் அசன விருந்து, கல்யாணம் எதுவானாலும் இந்த வட்டாரத்தில் அவருடைய செட்டுதானாம்.

"இந்தப் பய காலால மிதிக்க ஒரு டப்பி வச்சிருப்பாம்மா. மிதிச்சான்னா கிடாரு கரகரன்னு கெடக்கும். பாக்கவன்லாம் ராசாமணி செட்டு கெட்டுப்போச்சுன்னுல்லா நெனைக்கான்! இன்னைக்கு அந்த டப்பியே வேண்டாம்னுட்டான். கண்ணாடி மாதிரி கேக்கும் பாருங்க."

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

சரியாக நாலு மணிக்குச் சாம்சன் வந்தான். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். எண்ணெய் வழிய வழிய வாரிய தலை. நெற்றியில் ஒரு சந்தனக் கீற்று வேறு, பாளையங்கோட்டைச் சபைக் குடும்பத்துப் பிள்ளைக்கு! டிரம்முக்குப் பின்னால் அவன் அக்கா எஸ்தர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் என்று நந்தினி சொல்லியிருந்தாள். கட்டியிருந்த பட்டுப்புடவையில் அவள் கையைத் தூக்கவே திணறினாள். இருவரும் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அப்புறம் தாயின் பெருமையைப் பற்றி ஒரு மெல்லிசை ஆரம்பமாயிற்று.

அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்குக் கோபம் வரும். சாம்சனுடைய குரல் மேலே ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. எஸ்தர் வீடு கூட்டுகிற மாதிரி டிரம்மைத் தடவிக்கொண்டிருந்தாள், பல்லைக் கடித்தபடி. கறுப்பு பனியன்கள் எல்லாம் தரையைப் பார்த்தன. "என்னலே இது, யாருக்கும் கருமாதியா?" என்று மிக்கேல் தன் கூட்டாளியிடம் கேட்டது எனக்கே கேட்டது. ராசாமணி அண்ணாச்சி ஒருவர் முகத்தில்தான் வெளிச்சம். பாட்டு ஐந்து நிமிஷம் ஓடியது. கைதட்டல் என்னைப் பார்த்து வந்தது. இரண்டாவது பாட்டும் தாய்தான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம். எங்கள் கடையில் குடம் வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கீறல் விழுந்த குடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பையன் குரலும் அப்படித்தான் ஒலித்தது. இன்றைக்கு எனக்காக வேஷம் கட்டுகிறவன் நாளைக்கு என் பெண்ணிடமும் கட்டுவான். அவள் காலம் முழுக்க எது வேஷம், எது ஆள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் எழுந்தேன்.

"தம்பி, நிறுத்துங்க."

நின்றது.

"நான் யாருன்னு தெரியுமா?"

சாம்சன் மைக்கை விட்டுத் தள்ளி நின்றான். "தெரியும் அத்தை."

அத்தையாம்! "நந்தினி சொல்லிட்டாளா?"

"நேத்து ராத்திரி சொன்னா. உங்களுக்குச் சத்தம்னா ஆகாதுன்னா. அதான்..."

எஸ்தர் குச்சிகளை டிரம் மேல் போட்டாள். "நான் அப்பவே சொன்னேன்லே, இந்த நடிப்பு நமக்கு வராதுன்னு! மன்னிச்சுக்கிடுங்கம்மா. இந்தச் சேலையும் இவன் சொல்லித்தான் கட்டினேன். மூச்சு முட்டுது."

"தம்பி, பித்தளைக் குடத்துக்கு வெள்ளை பூசி வெள்ளின்னு எங்க கடையில விக்கிறதில்ல," என்றேன். "ராத்திரி பூரா ரயில்ல வந்தது உங்க நடிப்பைப் பாக்குறதுக்கில்ல. முதல்ல அந்தச் சந்தனத்தை அழிங்க. 'பஸ் வரல'ன்னு ஒண்ணு வச்சிருக்கீங்களாமே, அதைப் பாடுங்க."

கொட்டகையே கத்தியது. ராசாமணி அண்ணாச்சி பதறிப்போய் ஓடி வந்தார். "அம்மா, வேண்டாம்மா, கரகரக்கும்!"

"கரகரக்கட்டும் அண்ணாச்சி. உங்க செட்டு நல்ல செட்டுன்னு வேணும்னா நான் எழுதித் தர்றேன்."

எஸ்தர் புடவையைத் தூக்கி இடுப்பில் இழுத்துச் செருகினாள். சாம்சன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான், சட்டை பாழ். டப்பியைக் கொண்டுவந்து காலடியில் வைத்து மிதித்தான்.

அடேயப்பா! கூரையே பிய்த்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். எஸ்தர் அடித்த முதல் அடியில் வலையிலும் உத்தரத்திலும் ஒட்டிக்கிடந்த கோழி இறகெல்லாம் கிளம்பி எங்கள் தலைமேல் பறந்தது. சாம்சனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "பஸ் வரல! பஸ் வரல!" வள்ளியூர் வெயிலில் நான் நின்ற நேரமெல்லாம் அந்தக் கத்தலில் இருந்தது. "வராது!" என்று ஒரு குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. மிக்கேல் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

அடுத்தடுத்து கொட்டித் தள்ளினார்கள். காற்றாலை உச்சியிலிருந்து கூப்பிட்டால் போன் எடுக்காத மேனேஜரைப் பற்றி ஒன்று, எஸ்தருக்கு வந்த மெமோவைப் பற்றி ஒன்று, ஓடாத மோட்டாரைப் பற்றி ஒன்று. கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பிடித்ததா என்று கேட்காதீர்கள், பிடிக்கவில்லை. பேருக்கேற்ற தலைவலி, காதில் மறுநாள் வரை ரீங்காரம். ஆனால் அந்தக் குரலில் எங்கேயும் வழுக்கல் இல்லை. எல்லாம் ஓய்ந்ததும், பொருட்காட்சியில் தொலைந்து கிடைத்த பிள்ளை மாதிரி அவன் என்னைப் பார்த்தான். எனக்குப் பாவமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு அக்காளும் தம்பியும் என்னை ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டார்கள். வள்ளியூர் போகிற பஸ் வரவில்லை. மூன்று பேரும் பனைமரத்து நிழலில் நின்றோம். என் கொண்டையிலிருந்து எஸ்தர் ஒவ்வொரு இறகாக எடுத்துப் போட்டாள்.

"அத்தை..." என்று சாம்சன் இரண்டு தடவை ஆரம்பித்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பஸ் வரல."

"வராது," என்றேன்.

எஸ்தர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தே விட்டாள். அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். என் பதிலைச் சொல்லிவிட்டே போயிருக்கலாம். ஆனால் எனக்காக வேஷம் போட்டதற்கு ஒரு ராத்திரியாவது தவிக்கட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு மாயவரம். இவர் கடையில் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பையை வைத்துவிட்டு, போனை எடுத்து, நந்தினி அனுப்பிய அந்தப் பழைய பாட்டைப் போட்டேன். அலமாரியில் இருந்த தட்டுகள் லேசாக அதிர்ந்தன. இவர் திரும்பிப் பார்த்தார்.

"மறுபடியும் ஸ்பீக்கர் போச்சா?"

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "உங்க மாப்பிள்ளை பாடுறார்."