யாதோன் தர மறுத்த விறகு

என் தங்கை சிபியாளைக் கட்டியவன் யாதோன். எங்கள் ஊர் கிபியோன். எருசலேமில் கர்த்தருடைய வீட்டுக்கு விறகு வெட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் தலைமுறை தலைமுறையாக எங்கள் வேலை. யூதாவின் பெரிய மனிதர்கள் எங்களை ஆளாக மதித்ததில்லை. ஆனால் எங்கள் விறகு இல்லாமல் அவர்கள் பலிபீடத்தில் ஒரு ஆட்டுக்குட்டியும் வேகாது.

யாதோனுக்கு வாய்தான் சுத்தமில்லை, கை சுத்தம். பலிபீடத்துக்குப் போகும் கட்டை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பான். புழுத்துளை ஒன்று இருந்தாலும் தூக்கி எறிவான்.

"எரியப்போற கட்டைதானே மாப்ளே, விடு" என்பேன்.

"நீ தின்கிற அப்பத்துல புழு நெளிஞ்சா விடுவியா மச்சான்? உன் வயித்துக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா?"

அப்போது ஆண்ட ராஜா, தன் தகப்பன் இடித்துப் போட்டதையெல்லாம் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். ஆலயத்தின் இரண்டு பிராகாரங்களிலும் நட்சத்திரங்களுக்குப் பீடங்கள் எழுந்தன. உள்ளே அசேரா தேவியின் மரச்சிலை நின்றது. எதிர்த்துப் பேசிய தீர்க்கதரிசிகளின் ரத்தம் தெருவில் காய்ந்தது. எதிர்க்காத தீர்க்கதரிசிகளுக்குத் தொந்தி விழுந்தது.

விறகறைக்குப் பொறுப்பாக இருந்த ஆசாரியன் பெயர் மல்கிராம். காலையில் கர்த்தருக்குத் தூபம் காட்டுவான். அந்தச் சாம்பலைக்கூடத் தட்டாமல் அதே கலசத்தோடு மாடியேறி நட்சத்திரங்களுக்கும் காட்டுவான்.

"மொத்தம் எத்தனை தெய்வம்யா உங்களுக்கு?" என்று யாதோன் ஒருநாள் கேட்டே விட்டான்.

மல்கிராம் எண்ணெய் வழியும் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தான். "ராஜா எத்தனைன்னு சொல்றாரோ அத்தனை. நீ விறகை இறக்கு."

ஒரு அமாவாசையன்று, விறகை இன்னோம் பள்ளத்தாக்கில் இறக்கச் சொன்னான். ஏதோ பலி என்றான். யாதோனும் நானும் கொண்டுபோனோம். தோப்பேத் என்ற இடத்தில் மோளேகின் வெண்கலச் சிலை இருந்தது. அதன் முன்னே பெரிய குழி. யாதோன் வழக்கம்போல ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்து, காற்றுப் புக இடம் விட்டு அழகாக அடுக்கினான்.

பிறகு ஒரு படைத்தலைவன் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தான். எட்டு மாதக் குழந்தை. ராஜாவிடம் பெரிய பதவி கிடைக்க வேண்டும் என்பது அவன் வேண்டுதல். தகப்பன் கண்ணில் நீர் வந்தால் பலி சேராதாம். அவன் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. மேளக்காரர்கள் அடித்த அடியில் வேறு எந்தச் சத்தமும் வெளியே கேட்கவில்லை. அதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை.

முடிந்ததும் அங்கேயே விருந்து. விரலில் வழிந்த கொழுப்பை நக்கிக்கொண்டே மல்கிராம் எங்களுக்கும் ஆட்டுக்கறியில் ஒரு பங்கு வைத்தான். யாதோன் எழுந்துபோய் ஒரு பாறைக்குப் பின்னால் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தியெடுத்தான். நான் தின்றேன். பசி என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர் திரும்பும்போது யாதோன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். கிபியோன் மேடு கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் நின்றான்.

"தட்டித் தட்டிப் பார்த்து அடுக்கினேனே மச்சான். நல்லா எரியணும், நல்லா எரியணும்னு."

அடுத்த அமாவாசைக்கும் ஆள் வந்தது. "வயித்து வலின்னு சொல்லிட்டுப் படு மாப்ளே. எதுக்கு வம்பு?" என்றேன். அவன் கேட்கவில்லை. நேரே எருசலேமுக்குப் போய், நான் பக்கத்தில் நிற்க, மல்கிராம் முகத்துக்கு நேரே சொன்னான்: "இது கர்த்தர் வீட்டுக்கு வெட்டின விறகு. பிள்ளையைச் சுடுறதுக்குத் தரமாட்டேன்."

"நீ தராட்டி என்ன? உன் மச்சான் தருவான்" என்றான் மல்கிராம், என்னைப் பார்த்தபடி.

நான் கொடுத்தேன். என் முதுகிலேயே சுமந்துபோய் அடுக்கினேன்.

அன்று மத்தியானம் மேளக்காரர்கள் குடித்துவிட்டு நிழலில் கிடந்தார்கள். பள்ளத்தாக்கின் முனையில் இன்ரோகேல் ஊற்று இருக்கிறது. யாதோனும் சிபியாளும் தோல்பைகளில் நீர் மொண்டு வந்து வந்து என் அடுக்கின்மேல் ஊற்றினார்கள். கட்டை ஊறி, அடியில் சேறு கட்டும்வரை ஊற்றினார்கள். தண்ணீர் சுமக்கும் பெண்ணை யாரும் என்னவென்று கேட்பதில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தடுக்கவும் இல்லை, ஒரு கை கொடுக்கவும் இல்லை.

பொழுது சாயும் முன் இன்னொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். தீ வைத்தார்கள். புகைதான் வந்தது. கரியும் ஈரமுமாக அப்படியொரு புகை. மேளக்காரன் இருமினான், ஆசாரியன் கண்ணைக் கசக்கினான், வந்திருந்த பிரபுக்கள் அபசகுனம் அபசகுனம் என்று கத்திக்கொண்டு சிதறினார்கள். அந்தக் கலவரத்தில் குழந்தையின் தாய் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். எரிகோ பக்கம் போய்ப் பிழைத்துக்கொண்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

சிபியாளை முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டு, யாதோன் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தான். யார் செய்தது என்று மல்கிராம் கத்தியதும் எழுந்து, "நான்தான் ஊத்தினேன்" என்றான்.

அதே கட்டைகளை எடுத்து அவனை அடித்தார்கள். வலது தோள் எலும்பு நொறுங்கியது.

"கர்த்தருடைய வாசலை இனி நீ மிதிக்கக் கூடாது!" என்றான் மல்கிராம். அந்த நாளில், அந்த இடத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்ல அவன் நாக்கு கூசவில்லை.

யாதோன் ரத்தத்தைத் துப்பினான். "அவரைத்தான் எப்பவோ வெளியே தள்ளிட்டீங்களே ஐயா. நானும் அவரோட வெளியிலேயே இருந்துக்கறேன்."

அடுத்த மாதம் வேறொரு குழந்தை. உலர்ந்த விறகு. கொண்டுபோனவன் நான். அதற்கடுத்த மாதமும் நான்தான். சிபியாள் எனக்கு அப்பம் வைப்பதை நிறுத்தினாள். யாதோன் இடது தோளில் முட்செடி சுமந்து குயவர் சூளைகளுக்கு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினான். என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இப்படி இருபத்துச் சொச்சம் வருடம் போயிற்று. பழைய ராஜா செத்தான். அவன் மகனும் செத்தான். பேரன் சிங்காசனம் ஏறி வாலிபனானதும், ஆலயத்தில் கர்த்தருடைய கட்டளைகள் எழுதிய ஒரு பழைய சுருள் கிடைத்தது. அதை வாசிக்கக் கேட்டு, துக்கத்தில் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, பீடங்களையெல்லாம் உடைக்கச் சொன்னான். அசேராவின் சிலையைக் கீதரோன் ஓடையோரத்தில் சுட்டுத் தூளாக்கினார்கள். அங்கே எல்லாரையும் முந்திக்கொண்டு கோடரி போட்டவன் யார் தெரியுமா? மல்கிராம். தலையில் சாம்பல், இடுப்பில் துக்கத்துக்குக் கட்டும் இரட்டுத் துணி, கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர். கூட்டம் "என்ன பக்தி, என்ன பக்தி" என்றது. நானே காறித் துப்பிவிட்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்கா பண்டிகைக்கு முன்பு அவன் கிபியோனுக்கு வந்தான்.

"யாதோனே, என் சகோதரனே! கெட்ட காலத்துல உத்தமனா நின்னவன் நீ. பண்டிகையில ஜனங்களுக்கு முன்னாடி உன்னை நிறுத்தணும். நானே உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

யாதோன் அவன் நீட்டிய கையையே பார்த்தான். "அந்தக் கையாலயா?"

"அது அந்த ராஜாவோட காலம்பா. நாம என்ன செய்ய முடியும்?"

"நாளைக்கு இந்த ராஜாவும் போவாரு. அப்ப எந்தச் சாமிக்கு அழுவீங்க?"

மல்கிராம் புன்னகைத்தான். அந்தப் புன்னகைதான் எல்லாவற்றையும்விட அசிங்கம்.

யாதோன் பண்டிகை மேடையில் ஏறவில்லை. ஆனால் மறுவாரம் இடது தோளில் ஒரு கட்டு விறகோடு எருசலேமுக்கு நடந்தான். "அவன் இன்னும் அங்கேதானே இருக்கான்? எப்படிப் போக மனசு வருது?" என்று சிபியாள் கேட்டாளாம். "வீடு அவனோடது இல்லடி" என்றானாம். சாகும்வரை வாரம் தவறாமல் போனான். விறகை மல்கிராம் கையில் கொடுக்கமாட்டான். தரையில் போட்டுவிட்டு, பலிபீடத்தின் பக்கம் திரும்பித் தலை குனிந்துவிட்டு வந்துவிடுவான்.

கோதுமை அறுப்புக் காலத்தில் காய்ச்சல் வந்து இறந்தான். செய்தி கேட்டு மல்கிராம் தன் மகன்களோடு வந்து வாசலுக்கு எட்டத்திலேயே நின்றான்.

"உள்ள வரமுடியாதம்மா, தப்பா நினைக்காதே. நான் ஆசாரியன். பிணத்துக்கிட்ட வந்தா தீட்டு."

சிபியாள் அழுகையை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"தீட்டா? உனக்கா? எத்தனை பச்சைப் பிள்ளைங்களை உன் கையாலயே தீயில வச்சே! அப்பவெல்லாம் வராத தீட்டு என் புருஷன்கிட்டயா வந்து ஒட்டப்போகுது? போ. இந்த வாசல்ல நின்னு மூச்சுகூட விடாதே."

மல்கிராம் மகன்களைத் தள்ளிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனான்.

பாடை தூக்க ஒரு ஆள் குறைந்தது. நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். சிபியாள் என்னைப் பார்த்தாள். அத்தனை வருடம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"வா அண்ணே. தூக்கு."

அவள் மன்னித்தாளா, ஆள் இல்லாமல் கூப்பிட்டாளா, எனக்குத் தெரியாது. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. போய்த் தூக்கினேன்.