தேய்த்த கல்லில் பூச்சி தேடினேன்

குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கையிலிருந்து வழுக்கி ஓடைக்குள் விழுந்த சோப்பைத் தேடிக் கல்லொன்றைப் புரட்டினேன். அடியில் மூன்று வால் முளைத்த ஒரு சின்னப் பூச்சி. உள்ளங்கையில் ஏறி ஓடியது. கம்பஸ் வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தேன்: இந்த இனத்துக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். கல்லடியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எண்ணினால் ஓடையின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடலாம். கலவானைக் காட்டிலிருந்து இறங்கி எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ஓடும் இந்தத் தண்ணீரை இதுவரை யார் பரிசோதித்தார்கள்? தலை துவட்டுவதற்குள் அறிக்கைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன்.

இடையில் கோயில் திருவிழா வந்தது. அது முடிந்த மூன்றாம் நாள் தேத்தண்ணி வடியையும் ஐஸ்கிரீம் டப்பா மூடியையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கிண்டல் பண்ணாமல் விடவில்லை.

"என்னடி, கம்பஸ் அனுப்புனா பூச்சி பொறுக்கிக்கிட்டு வந்திருக்க?"

"பொரிச்சித் திங்கவா? எங்களுக்கும் ரெண்டு குடு புள்ள."

மேலே காட்டோரத்தில் கல்லைக் காலால் கலைத்து வடியைப் பிடித்தால் மூடி நிறையப் பூச்சிகள் நெளிந்தன. மணல் துகள்களை ஒட்டிக் கூடு கட்டிய புழுக்கள்கூட இருந்தன. கீழே, துணி துவைக்கும் இடத்தில், ஒன்றுமில்லை. மூன்று முறை பார்த்தேன், ஒன்றுமே இல்லை. மேலே உயிர், கீழே சாவு, நடுவில் சோப்புத்தூள். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? ராவோடு ராவாக இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதி, படங்களும் வைத்து, தோட்ட ஆபிஸில் கொடுத்தேன். தோட்ட மேனேஜர் துரையே கூப்பிட்டுப் பாராட்டினார். வீடு வரும்வரை என் கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரமே துவைக்கும் இடத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள். துணி துவைக்கத் தடை என்று சிங்களத்திலும் தமிழிலும் பலகை. லயத்துக் குழாயில் காலையில் ஒரு மணிநேரம்தான் தண்ணீர் வரும். அந்த நேரம் பெண்கள் கொழுந்து பறிக்க மலையில் நிற்பார்கள். இப்போது வேலை விட்டு வந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறி, ஃபெக்டரிக்குப் பின்னால் மலைநீர் வடியும் பீலியில் வரிசை பிடிக்க வேண்டும்.

அந்த ஏற்றத்தில்தான் அவளைச் சந்தித்தேன். ஓ.எல். பரீட்சை வரைக்கும் என் பக்கத்து மேசையில் இருந்தவள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, கையில் வாளி நிறையப் பிள்ளைத் துணி.

"வாங்க மேடம். ஒங்க ஓடைக்கு இப்ப சொகமா?"

"கோவிக்காதடி. தண்ணி செத்துப்போயி கெடந்திச்சி. ஒரு பூச்சி இல்ல."

"எப்ப பாத்த?"

"திருவிழா முடிஞ்சி மூணாம் நாளு."

வாளியைக் கீழே வைத்தாள். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்தது.

"ஏ புள்ள, கரகம் பாலிக்கிறதுக்கு அந்த எடத்துல பிளீச்சிங் பவுடரக் கொட்டி, தேங்காத் தும்பு வச்சி ஒவ்வொரு கல்லாத் தேச்சது யாரு? நீயும் நானுந்தானே. கையி எரியுதுன்னு ஒங்கம்மாகிட்ட அழுதியே. மனுசத் தோலே உரியிது, பூச்சி ஒனக்காகக் குந்திக்கிட்டு இருக்குமா?"

வருடா வருடம் திருவிழாவுக்குக் கரகக் குடத்தை ஓடைக்கரையில் அலங்கரித்துத் தூக்குவதற்கு முன்னால் நாங்கள்தான் அந்த இடத்தைச் சுத்தம் செய்வோம். அது சாமி காரியம், அறிக்கை விஞ்ஞானம். இரண்டையும் ஒரே கைதான் செய்தது என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை. அதைவிடக் கேவலம், அந்த முதல் பூச்சி. அது என் கையில் ஏறியது இதே இடத்தில்தான், தினமும் சோப்பு நுரைக்கிற இதே இடத்தில். அதை அறிக்கையில் எழுதவே இல்லை. மறக்கவில்லை, எழுதினால் கதை அவ்வளவு அழகாக வராது என்று விட்டுவிட்டேன்.

வாளியை நான் வாங்கிக்கொள்ளப் போனேன். கொடுக்கவில்லை. "தூக்கிருவேன். நீ போய் அந்தக் கம்பியக் கழட்டு."

கம்பியைக் கழற்றுவதும் லேசில்லை. ஒருவரும் துவைக்காத இந்த நாட்களில் அங்கே பூச்சிகள் திரும்பியிருக்கும். திரும்ப எண்ணிக் காட்டினால், "பார்த்தாயா, தடை போட்டதால்தான்" என்பார்கள். ஆகவே வேறு இடம் வேண்டும். பக்கத்து டிவிஷன் பெண்கள் இன்னும் ஓடையில்தான் துவைக்கிறார்கள். அங்கே கரகம் பாலிப்பதில்லை, கல்லை யாரும் தேய்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். அவளும் வருகிறாள், ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு நேரம் கல்லைக் கலைக்கிறேனா என்று போன் பார்த்துச் சொல்ல. "ஒன்ன நம்பி ஒத்தையா அனுப்ப முடியாது" என்றாள்.

அங்கேயும் கல்லடி வெறுமையாக இருந்தால்? அதையும் எழுதத்தான் வேண்டும், அவள் முன்னாலேயே. அதற்கு முன், நாளைக் காலை ஆபிஸ் திறந்ததும் கொடுப்பதற்கு ஒரு கடிதம், இந்த முறை தமிழில். முதல் வரி எழுதியாகிவிட்டது: 'அந்தக் கற்களைத் தேய்த்தவர்களில் நானும் ஒருத்தி.'